கையைத் தூக்கினால் நிற்க வேண்டும்

லாரிக்காரர் அந்த மரப்பெட்டியைச் சாலையோரத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கையுறைகளைத் தட்டிக்கொண்டார்.

"அவ்வளவுதாங்க. ரோட்டோரம் வரைக்கும்தான் எங்க பொறுப்பு," என்றார்.

"வீடு இதோ கண்ணு முன்னாடி இருக்கு. கொஞ்சம் கீழ வரைக்கும் தள்ளி விட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டார் ரெய்னோ.

"தள்ளலாம்தான். ஆனா இந்த ஜல்லியில சக்கரம் உருளுமான்னு நீங்களே சொல்லுங்க. யாருங்க இவ்வளவு ஜல்லியைக் கொட்டினது?"

ரெய்னோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் நின்றிருந்த அவருடைய மகள் சைமா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டாள். ஜல்லியைக் கொட்டியது அப்பாவேதான்.

சும்மா கொட்டவில்லை, ஆசை ஆசையாகக் கொட்டியிருந்தார். ஒவ்வொரு வருஷமும் பனி உருகும்போது, சாலையிலிருந்து வீட்டுக்கு இறங்கும் அந்தப் பாதை சேறாகிவிடும். போன தடவை அவருடைய பிக்கப் வண்டியே அதில் புதைந்துவிட்டது. பனி வாரும் லாரியை ஓட்டும் டார்லீன் வந்துதான் இழுத்து விட்டாள். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அந்த ரோஷத்தில், இந்த வருஷம் குளிர் தொடங்குவதற்கு முன்பே லாரி லாரியாக ஜல்லி வாங்கிப் பரப்பிவிட்டார். "இனிமே வெள்ளமே வந்தாலும் நம்ம பாதை அசையாது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். பாதை அசையவில்லைதான். அதன் மேல் வேறு எதையும் அசைக்க முடியாது என்பது இப்போதுதான் தெரிந்தது.

லாரி போய்விட்டது. பெட்டி நின்றது. சைமாவின் தோள் உயரம். உள்ளே இருப்பது வீட்டைச் சூடாக்கும் புது இரும்பு அடுப்பு.

பழைய அடுப்பு விரிசல் விட்டிருந்தது. புதியது வரும்வரை அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். "வர்றதுக்கு இடம் வேணாமா?" என்று அப்பா அதைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிட்டார். புது அடுப்போ வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டி, இன்றைக்குத்தான் வந்தது. இத்தனை நாளும் அந்த வீட்டில் ஒரே ஒரு சின்ன மின்சார ஹீட்டர்தான். சைமாவின் தம்பி ஏரோவுக்கு ஐந்து வயது. பனியில் விளையாடப் போடும் தடித்த உடுப்பை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிந்தான். தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

இன்று மாலை பெரிய பனி வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். ஏரிப் பக்கத்து வானம் சாம்பல் நிறத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, இது இங்கேயே இருக்கும்போது பனி வந்துட்டா?"

"வராது."

"ராத்திரி பனி வாருற லாரி வந்து இதை இடிச்சுட்டா?"

"இடிக்காது. அதுக்குள்ள உள்ள கொண்டு போயிடுவோம்."

"தூக்கும்போது உங்க கால் மேல விழுந்துட்டா?"

அப்பா பெருமூச்சு விட்டார். "சைமா, உன் வாயில வேற வார்த்தையே வராதா? ஆயிட்டா, போயிட்டா, விழுந்துட்டா. சரியான பயந்தாங்கொள்ளி."

அவள் முன்பெல்லாம் இப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மர ஆலையில் ஒரு அடிமரம் உருண்டு அப்பாவின் கால்மேல் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னபோது, 'அப்பா உயிரோட இருக்காரா' என்று கேட்க வாயைத் திறந்தாள். குரலே வரவில்லை. அப்பா இன்றும் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறார். சைமாவுக்கு இன்றும் பயம் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். இன்று வர இருட்டிவிடும். ஆக இருப்பது அப்பா, சைமா, அப்புறம் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் ஏரோ.

ஏரோ ஜன்னலைக் கொஞ்சம் திறந்தான். "அக்கா, அதுக்குள்ள கரடி இருக்கா?"

"அடுப்புடா."

"கரடி மாதிரிதான் பெருசா இருக்கு," என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டான்.

அப்பா முதலில் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியை எடுத்து வந்தார். பெட்டியின் ஓரத்தை அதில் ஏற்றியதும் இரண்டு சக்கரமும் ஜல்லிக்குள் போய்விட்டன. இழுத்தார். தள்ளினார். முகம் சிவந்தது.

"சரி. இதுக்கெல்லாம் பிக்கப்தான் லாயக்கு," என்றார்.

அந்தப் பக்கத்து ஆண்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பிக்கப் வண்டிதான். மரத்தின் வேர் வர மாட்டேன் என்கிறதா, பிக்கப்பில் கட்டி இழு. படகு வர மாட்டேன் என்கிறதா, பிக்கப்பில் கட்டி இழு. வந்துவிட்டால் அந்தப் பெருமையைப் பாட்டாகப் பாடுவார்கள். வராமல் போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்பா வண்டியைப் பாதையில் பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் நிறுத்தினார். வண்டியின் பின்புறத்தையும் பெட்டியையும் தடித்த இழுவைப் பட்டையால் இணைத்தார். பிறகு மான் வேட்டைக்குப் போகும்போது போடும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கையுறைகளை எடுத்து சைமாவிடம் கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கோ. அந்தப் புல்லு மேல தள்ளி நில்லு. ஏதாவது தப்பாத் தெரிஞ்சா கையத் தூக்கு, நான் நிறுத்திடுவேன். சரியா?"

"கையத் தூக்கினா கண்டிப்பா நிறுத்துவீங்களா?"

"நிறுத்தாம?"

வண்டி உறுமியது. பட்டை விறைத்தது. பெட்டி ஒரு தடவை முனகிவிட்டு நகர ஆரம்பித்தது. அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார். "பாத்தியா?"

ஆனால் பெட்டியின் அடிச்சட்டம் ஜல்லியின் மேல் போகவில்லை, ஜல்லியை வாரிக்கொண்டு போனது. முன்னால் ஒரு குவியல் சேர்ந்தது. குவியல் வளர வளர, பெட்டியின் முன்பக்கம் அதற்குள் குத்திக்கொண்டது. பின்பக்கம் மேலே கிளம்பியது.

சைமா கையைத் தூக்கினாள்.

அப்பா மறுபக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுத் தானாகவே திணறி நின்றது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். கதவைக்கூட மூடவில்லை. மண்வாரியை எடுத்துக்கொண்டு, வண்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் போய்க் குனிந்தார். குவியலை வாரி வாரி எறிய ஆரம்பித்தார்.

பட்டை இன்னும் விறைப்பாகவே இருந்தது. அவர் தலைக்கு மேல் பெட்டி சாய்ந்து நின்றது.

சைமா இரண்டு கைகளையும் தூக்கினாள். அவர் பார்க்கவில்லை. ஜல்லியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடிச்சட்டத்தில் ஒரு கட்டை விரிசல் விடுவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

அப்பா என்று கத்த வாயைத் திறந்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது. காற்றுதான் வந்தது.

அவள் ஓடினாள். பெட்டியின் பக்கம் இல்லை, வண்டியின் பக்கம். திறந்திருந்த கதவுக்குள் பாய்ந்து இரண்டு கைகளாலும் ஹாரனை அழுத்தினாள். அழுத்தியபடியே இருந்தாள்.

அப்பா துள்ளி எழுந்தார். "என்ன சைமா இது, காது போச்சு. எதுக்கு இப்படி..." என்று கோபமாகக் கத்திக்கொண்டே கதவுப் பக்கம் விறுவிறுவென்று வந்தார்.

அப்போது அவர் பின்னால் கட்டைகள் முறிந்தன. பெட்டியின் முன்பக்கம் தடால் என்று கீழே இறங்கியது. ஜல்லி நாலா பக்கமும் தெறித்தது.

சத்தம் அடங்கியதும் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி கவிழவில்லை. முன்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்கடியிலிருந்து மண்வாரியின் கைப்பிடி பாதி மட்டும் வெளியே தெரிந்தது. மீதிப் பாதி உடைந்து பெட்டிக்கு அடியில் போயிருந்தது.

அப்பா வண்டியின் படியில் மெல்ல உட்கார்ந்தார். சைமா அழுத்துவதை விட்டிருந்தாள், ஆனால் ஹாரன் மேலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.

"கைய எடு கண்ணு," என்றார் மெதுவாக. எடுத்தாள்.

"முதல்லயே கையத் தூக்கினியா?"

தலையாட்டினாள். கொஞ்சம் பொறுத்துத்தான் குரல் வந்தது. "ரெண்டு தடவை தூக்கினேன். நீங்க பாக்கல."

அப்பா அந்த உடைந்த கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சைமா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அவளுடைய குல்லாவைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் முதல் பனித்துகள் விழுந்தது.

மேலே சாலையில் மஞ்சள் விளக்கு சுழலும் பெரிய லாரி ஒன்று வந்து நின்றது. டார்லீன் தலையை வெளியே நீட்டினாள். அவளும் அப்பாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"என்ன ரெய்னோ, கல்லுத் தோட்டம் போட்டுட்டு இப்ப அதுல மரப்பெட்டி நட்டிருக்கியா? தண்ணி ஊத்தினா முளைக்குமா?"

மற்ற நாளாக இருந்தால் அப்பா ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பார். இப்போது எழுந்து நின்று, "டார்லீன், உன் லாரி தள்ளுற பனி இந்தப் பெட்டி வரைக்கும் எட்டுமா?" என்று கேட்டார்.

அவர் முகத்தைப் பார்த்து டார்லீனும் கிண்டலை விட்டாள். "எட்டும். இறக்கை மாதிரி பக்கவாட்டுல ஒரு தகடு இருக்கு பாரு, அது அள்ளி வீசுற பனி சரியா அங்கதான் வந்து விழும். சும்மா பஞ்சு மாதிரி விழாது, கல்லு மாதிரி விழும். பெட்டி நிக்காது. நான் இன்னைக்குத் திரும்பி வரும்போது பனி கொட்டிக்கிட்டு இருக்கும், முன்னால என்ன இருக்குன்னே எனக்குக் கண்ணு தெரியாது. அதுக்குள்ள எடுத்துடு."

"நீ கொஞ்சம் இழுத்து விட முடியாதா?"

"ஊர் லாரியில உன் அடுப்பை இழுத்தா நாளைக்கு நான் உன் வீட்டு அடுப்படியிலதான் உக்காந்திருக்கணும், வேலை இல்லாம. சைமா, உங்கப்பாவைப் பாத்துக்கோம்மா."

லாரி போய்விட்டது. பனி மெல்ல மெல்ல விழுந்தது.

அப்பா பெட்டியைச் சுற்றி நடந்தார். இந்தத் தடவை எதையும் தொடவில்லை. "இனிமே இழுக்க மாட்டேன்," என்றார். "ஆனா இங்க விடவும் முடியாது. என்ன பண்றதுன்னு புரியல."

சைமா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது. ஜல்லியைப் பார்த்தாள். பெட்டி எங்கே அழுத்தினாலும் உள்ளே வாங்கிக்கொள்கிறது. அப்படியானால் பெட்டி ஜல்லியைத் தொடவே கூடாது. நடுவில் ஏதாவது இருக்க வேண்டும். வழுவழுப்பாக, அகலமாக, நீளமாக.

அப்படி ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அது அவளுடையது.

கொல்லையில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அப்பா தண்ணீர் ஊற்றி உறைய வைத்து ஹாக்கி ஆடும் பனித்தளம் போட்டுக் கொடுப்பார். அதைச் சுற்றி நிறுத்தும் பிளைவுட் பலகைகள் நீராவிக் குளியல் அறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கி இருந்தன. கோடை விடுமுறையில்தான் சைமாவும் சிநேகிதிகளும் அவற்றுக்குப் பளபளவென்று வெள்ளை வர்ணம் பூசி, சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். கீறல் இல்லாத பலகைகள் எங்கள் தளத்துக்கு மட்டும்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்த விஷயத்தில் அவளும் அப்பாவின் மகள்தான்.

கொல்லைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஹாக்கிப் பலகை இருக்குல்லப்பா."

அப்பா திரும்பினார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அது உன்னோடதாச்சே. ஜல்லி கீறிடும்மா. பாழாயிடும்."

"கீறட்டும்."

அப்பா பட்டையை அவிழ்த்து வண்டியைப் பாதையிலிருந்து விலக்கினார். பிறகு பலகைகளைச் சுமந்து வந்து, மேலிருந்து கீழே வரை இரண்டு வரிசையாகத் தண்டவாளம்போலப் பரப்பினார்கள். பாதையின் கடைசியில் வீட்டின் கீழ்த்தளக் கதவு. அதற்குள் சிமெண்டுத் தரை. அடுப்பு வைக்கும் இடமும் புகைக்குழாயும் அங்கேதான் காத்திருந்தன.

அப்பா ஒரு பலகையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "பாத்திரம் கழுவுற சோப்பு ஊத்தினா வெண்ணெய் மாதிரி போகும்," என்றார். அதைச் சொல்லிவிட்டு அவராகவே சைமாவின் பக்கம் திரும்பினார். "சொல்லு."

"என்ன சொல்ல?"

"என்னென்ன ஆகலாம்னு சொல்லு. ஒண்ணு விடாம."

கிண்டல் பண்ணுகிறாரோ என்று சைமா பார்த்தாள். இல்லை.

"வெண்ணெய் மாதிரி போயி, நிக்காம ஓடிட்டா?"

அப்பா யோசித்தார். பாதையின் மேல்முனையில் நின்ற பைன் மரத்தைப் பார்த்தார். "பெட்டியில கயிறு கட்டி அந்த மரத்துல ரெண்டு சுத்து சுத்திடுவோம். மறுமுனையை நான் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடுவேன். ஆலையில அடிமரம் இறக்கும்போது இப்படித்தான் பண்ணுவோம். அப்புறம்?"

"கயிறு வழுக்கிட்டா? நேராப் போயி சுவத்துல இடிச்சுட்டா?"

"போன வாரம் பனி டயர் மாட்டினப்ப கழற்றின வெயில்கால டயர் நாலும் கிடக்கு. கடைசியில அடுக்கிடலாம். அப்புறம்?"

"இருட்டிட்டா?"

"பிக்கப்பை ஓரமா நிறுத்தி விளக்கைப் போட்டுடுவோம். ஏன், அதுவும் ஒரு வேலை செய்யட்டுமே. அப்புறம்?"

சைமா கொஞ்சம் தயங்கினாள். "நீங்க என் கையப் பாக்கலைன்னா?"

அப்பா அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "நான் மேல மரத்துகிட்ட இருப்பேன். பெட்டி மறைச்சிடும். கீழ என்ன நடக்குதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. அதனால நான் பெட்டியப் பாக்கவே மாட்டேன். உன் கையத்தான் பாத்துட்டு இருப்பேன். போதுமா?"

"போதும்," என்றாள்.

ஜாக்கியால் பெட்டியை ஒவ்வொரு ஓரமாக உயர்த்தி, விறகுக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, மெல்ல மெல்லப் பலகைமேல் ஏற்றினார்கள். அதன் அடியில் அப்பா கையை விடவே இல்லை. கட்டைகளை ஒரு கழியால் தள்ளினார்.

சோப்புப் பூசும் வேலை ஏரோவுக்குக் கிடைத்தது. கொடுக்காமல் விட்டிருந்தால் அழுதிருப்பான். அந்தக் குண்டு உடுப்போடு ஆடி ஆடி நடந்து, பலகை முழுக்கப் பச்சைச் சோப்பைப் பிழிந்தான்.

"கரடி வழுக்கிக்கிட்டு வருமா?"

"வரும். நீ போய்ப் பக்கத்துக் கதவுப் படியில நில்லு. நான் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது. சத்தியம் பண்ணு," என்றாள் சைமா.

"சத்தியம்," என்று சொல்லிவிட்டு ஏரோ படியேறினான்.

இருட்ட ஆரம்பித்துவிட்டது. பிக்கப்பின் விளக்கு வெளிச்சத்தில் பனி சாய்வாக விழுந்தது. சைமா பாதைக்கு வெளியே, அப்பாவும் தெரிகிற, கதவும் தெரிகிற இடத்தில் புல்மேல் நின்றாள். ஆரஞ்சுக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். அப்பா முட்டுக் கட்டைகளை எடுத்தார். கடப்பாரையால் பெட்டியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு மரத்தடிக்கு வந்து, அங்கே முடிந்து வைத்திருந்த கயிற்றை அவிழ்த்துப் பிடித்தார்.

பெட்டி நகர்ந்தது.

இந்தத் தடவை அது முனகவில்லை. சத்தமே இல்லாமல் வந்தது. அதுதான் சைமாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு வீட்டளவு கனம் சத்தமில்லாமல் இருட்டில் இறங்கி வருகிறது. மரத்தில் சுற்றிய கயிறு மட்டும் கிரீச் கிரீச் என்றது. அப்பா கொஞ்சம் விடுவார், பிடிப்பார். பெட்டி கொஞ்சம் வரும், நிற்கும். அவர் கண் சைமாவின் கையை விட்டு நகரவே இல்லை.

பாதி தூரம் தாண்டிவிட்டது. சைமா முதல் தடவையாக ஒழுங்காக மூச்சு விட்டாள்.

அப்போது கீழே ஏதோ அசைந்தது.

ஏரோ படியில் இல்லை. சோப்புப் பாட்டிலைப் பலகைமேலேயே விட்டுவிட்டிருந்தான். அதை எடுக்கப் போனவன் சோப்பில் வழுக்கி, இரண்டு பலகைக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தான். அந்தக் குண்டு உடுப்பில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி கையையும் காலையும் ஆட்டினான். மேலே பெட்டி வந்துகொண்டிருந்தது.

சைமாவின் தொண்டை அடைத்துக்கொண்டது.

கத்திப் பார்க்கவே இல்லை. கையைத் தூக்கினாள்.

கயிறு ஒரு தடவை அலறியது. பெட்டி குலுங்கி நின்றது. அவள் கையை முழுசாக நிமிர்த்துவதற்குள் நின்றுவிட்டது.

"நிறுத்திட்டேன்," என்று மேலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னன்னு சொல்ல வேணாம். நான் பிடிச்சிருக்கேன். நீ பாத்துப் பண்ணு."

சைமா ஓரமாகவே ஓடினாள். பெட்டிக்கும் ஏரோவுக்கும் நடுவில் இன்னும் நல்ல இடைவெளி இருந்தது. ஏரோவின் உடுப்பில் முதுகுப் பக்கம் இருந்த பட்டியைப் பிடித்து, பலகைக்கு வெளியே புல்மேல் இழுத்துப் போட்டாள். அவன் கையில் சோப்புப் பாட்டில் பத்திரமாக இருந்தது.

"நசுங்கிடும்ல," என்றான்.

"நீ நசுங்கியிருப்படா, மக்கு." குரல் வந்துவிட்டது. அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு படிவரைக்கும் கொண்டுபோய், வீட்டுக்குள் தள்ளி, கதவையே சாத்தினாள். திரும்பி வந்து தன் இடத்தில் நின்று, கையை ஒரு தடவை தூக்கி இறக்கிக் காட்டினாள்.

பெட்டி மறுபடி நகர்ந்தது. கடைசிப் பலகையையும் தாண்டி, சிமெண்டுத் தரையில் ஏறி, டயர்களில் மெத்தென்று முட்டி நின்றது.

அப்பா கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு நொண்டி நொண்டி ஓடி வந்தார். "எதுக்கு நிறுத்தச் சொன்னே?"

சைமா சொன்னாள்.

அப்பா உள்ளே போனார். ஏரோவைத் தூக்கி, உடுப்போடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார். "அப்பா, மூச்சு முட்டுது," என்றான் ஏரோ. அப்போதும் விடவில்லை.

பெட்டியைப் பிரித்து, அடுப்பை இரும்புக் குழாய்கள்மேல் உருட்டிக்கொண்டுபோய் இடத்தில் நிறுத்திப் புகைக்குழாயை மாட்டினார்கள். முதல் விறகு பற்றிக்கொண்டபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேலே சாலையில் டார்லீனின் லாரி வரும் சத்தம் கேட்டது. அது வாசலருகே வேகத்தைக் குறைத்தது, நின்றது. பிறகு இரண்டு தடவை சந்தோஷமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

ஏரோ அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். "கரடி இல்லையா?" என்று கேட்டான். பிறகு குனிந்து பார்த்தான். "ஆனா இதுக்கும் நாலு கால் இருக்கு." கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வியர்த்தது. அந்தக் குண்டு உடுப்பைத் தானே கழற்றிப் போட்டான். அன்றிரவு வேலையிலிருந்து திரும்பிய அம்மா முதலில் பார்த்தது அதைத்தான். மற்றதையெல்லாம் கேட்டபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை பனி முழங்கால் உயரம் கிடந்தது. சைமா கொல்லையில் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் குறுக்கும் நெடுக்கும் கீறல்கள். சிவப்புக் கோடு பாதி காணவில்லை. பார்க்கக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அப்பா கூரையில் சேர்ந்த பனியைத் தள்ள ஏணியைச் சாய்த்தார். முதல் படியில் காலை வைத்தார். பிறகு இறங்கிவிட்டார்.

"சைமா, கொஞ்சம் இங்க வா."

"என்னப்பா?"

"அந்தக் கையுறையப் போட்டுக்கிட்டு அங்க நில்லு. எனக்குத் தெரியுற மாதிரி."

"எப்ப வேணும்னாலும் தூக்கலாமா?"

"எப்ப வேணும்னாலும்."

சைமா பலகையைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய் நின்றாள். அவர் ஒவ்வொரு படியிலும் நின்று, அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த படியில் ஏறினார்.